கட்டத்தின் நடுவே அறுபதாயிரம் விண்மீன்கள்

தலைவலி வந்தால்கூட நான் மாத்திரை போடுகிறவள் இல்லை. வெந்நீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் போய்விடும். ஆனால் என் தங்கையின் மாத்திரையைப் பன்னிரண்டு வருடமாக ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. கிழமைக்கு ஒரு அறையாக ஏழு அறைகள் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று எங்கள் சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். சனிக்கிழமை காலையில் நான்தான் அதை நிரப்புவேன். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நீங்கள் கொண்டுவந்திருக்கும் அந்தத் தடித்த கோப்பில் என்னைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

விடுமுறை நாளில் உங்களை வரவழைத்துவிட்டார்கள், அதற்கு வருந்துகிறேன். ஒலிப்பதிவை நிறுத்த வேண்டாம், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

உங்கள் விசாரணை அளவைக் கோப்புகளை மாற்றியதைப் பற்றியது. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆம், நான்தான் மாற்றினேன், பதினாறு முறை. ஆனால் ஏன் என்று கேட்டீர்கள். ஏன் என்பதற்கு எங்கள் வேலை கொஞ்சம் தெரிய வேண்டும்.

கோளக் கொத்து என்பது சில லட்சம் விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டு பந்தாகத் திரண்டு நிற்பது. அவை எல்லாம் ஒரே மேகத்திலிருந்து ஒரே சமயத்தில் பிறந்தவை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள், அதுவும் ஒரே பிரசவத்தில். வெவ்வேறு நிற வடிகட்டிகளைப் போட்டுப் படம் எடுத்து, ஒவ்வொரு விண்மீனின் ஒளியையும் அளந்து, நிறத்தை ஒரு பக்கமும் ஒளிர்வை ஒரு பக்கமும் வைத்து வரைபடத்தில் புள்ளி வைத்தால், எல்லாப் புள்ளிகளும் ஒரே மெல்லிய கோடாக வந்து விழ வேண்டும். கோடு எவ்வளவு மெலிதோ அவ்வளவுக்கு அளந்தவரின் கை சுத்தம். என் கொத்தின் கோடு இருக்கிறதே, அதைவிட மெல்லிய கோட்டை யாரும் போட்டதில்லை. ஒரு பாடப்புத்தகத்தில்கூட இருக்கிறது. பக்கத்து அறைக்காரர்கள் என்னை 'ஒற்றைக்கோடு' என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது எனக்குத் தெரியும். பொறாமைதான், வேறென்ன.

என் தங்கையை வீட்டில் சின்னி என்போம். எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அவளுடைய பதினான்காவது வயதில் அம்மா போய்விட்டாள். அதன் பிறகு அவளுக்கு அம்மாவும் நான்தான், அப்பாவும் நான்தான். என் பழைய சட்டைகளைப் போட்டு, என் பழைய புத்தகங்களைப் படித்து வளர்ந்தவள். பத்தொன்பதாவது வயதில் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. உடம்புக்கு என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். குளியலறைக் குழாய்க்குள்ளிருந்து யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எட்டு மாதம் நம்பினாள். மருத்துவமனையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டுதான் என் கொத்தை நான் அளந்து முடித்தேன். அப்போது புற ஊதா வடிகட்டியில் எடுத்த சில படங்களில் கோடு தடித்து, மேலே போகப் போக இரண்டாகப் பிரிவது போல வந்தது. எனக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை. அளவு பிசகிவிட்டது என்று முடிவுகட்டி, கோட்டுக்கு வெளியே விழுந்த விண்மீன்களையெல்லாம் பிழை என்று குறித்து வெட்டிவிட்டேன். வெட்டியது நூற்றுக்கு நாற்பத்து மூன்று. அவ்வளவு விண்மீன்களும் ஒரே பக்கமாகப் பிழை செய்யாது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள் நோயில் விழாமல் இருந்திருந்தால் தோன்றியிருக்கும். அந்த விதத்தில் பார்த்தால் என் பிழையே அவளால் வந்ததுதான்.

அவள் குணமானாள். படித்தாள். நான்கு வருடத்துக்கு முன்பு இதே நிறுவனத்தில், என் அறையிலேயே, எனக்கு எதிர் மேசையில் வேலைக்கு வந்து உட்கார்ந்தாள். அவளை எடுக்கச் சொன்னதும் நான்தான்.

போன வருடம் மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். அவள் கையில் புதிய புற ஊதாப் படங்கள் இருந்தன.

"அக்கா, ஒரு நிமிஷம் வாயேன். இதைப் பாரு."

போய்ப் பார்த்தேன். என் கொத்துதான். வகிடு எடுத்த தலைமுடி போல, நடுவில் சுத்தமாக இடைவெளி விட்டு இரண்டு கோடுகள். நான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு வெட்டிப்போட்டவை அத்தனையும் திரும்பி வந்து இரண்டாவது கோட்டில் நின்றன.

"எதைப் பாக்கச் சொல்ற?" என்றேன்.

"ரெண்டா பிரியுது பாரு. இங்கேருந்து மேல வரைக்கும். இது ஒரே தலைமுறை இல்லக்கா. ரெண்டு தடவை பிறந்திருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். "எனக்கு ஒண்ணுதான் தெரியுது. கொஞ்சம் தடிமனா இருக்கு, அவ்வளவுதான். நெரிசல்ல அளவு பிசகியிருக்கும்."

"தடிமன் இல்லக்கா. நடுவுல காலியா இருக்கு."

"சரி, சாப்பிட்டு வா, பாப்போம். காலைலேருந்து அதையே வெறிச்சுப் பாத்துட்டு இருக்க. கண்ணு பூத்துப் போயிருக்கும்."

அவள் சொன்னது சரி. முதல் தலைமுறை விண்மீன்கள் எரித்துக் கழித்துவிட்ட வாயுவிலிருந்து இரண்டாவது தலைமுறை பிறந்திருக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நைட்ரஜன் கூடியிருக்கும், ஆக்சிஜன் குறைந்திருக்கும். சாதாரண ஒளியில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. புற ஊதாவில்தான் குட்டு வெளிப்படும். இன்னொருவர் கழித்துப் போட்டதைக் கொண்டு இவ்வளவு பளிச்சென்று இருக்க முடியுமா என்று அன்றைக்கு யோசித்தேன். விண்மீன்களைத்தான் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது இரண்டு வாரம். ஒளியளவைப் பிரிவுக்குத் தலைவர் யார் என்று முடிவு செய்யும் குழு அடுத்த மாதத் தொடக்கத்தில் கூட இருந்தது. நூற்றுக்கு நாற்பத்து மூன்று விண்மீன்களைக் குப்பையில் போட்டவள் என்று தெரிந்தால் யார் என்னைத் தலைவராக்குவார்கள்? இரண்டு வாரம் கழித்து நானே அவளைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி, நாமே சேர்ந்து எழுதுவோம்" என்று சொல்வதாகத்தான் இருந்தேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் தொழிலில் போலி விண்மீன் சோதனை என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு ஏதோ மோசடி என்று நினைத்துவிடாதீர்கள், நேர்மையான காரியம்தான். கொத்தில் நெரிசல் அதிகம். அளவை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய, நாமே போலி விண்மீன்களைச் செய்து படத்துக்குள் தூவிவிடுவோம். எதற்கு எவ்வளவு ஒளி கொடுத்தோம் என்பது நமக்குத் தெரியும். பிறகு ஒன்றும் தெரியாதவர்கள் போல அளந்து பார்ப்போம். போட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் நம் பிழை. என்னிடம் அப்படி அறுபதாயிரம் போலி விண்மீன்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்துச் செய்திருந்தேன். அளந்தெடுத்த பிறகு இயற்கையான சிதறலோடு, பார்க்க அசல் மாதிரியே இருக்கும்.

சின்னி மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவாள். சாப்பிட்டுவிட்டு, கட்டடத்தை மூன்று முறை அடியெண்ணிச் சுற்றிவிட்டு ஒன்றே முக்காலுக்கு வருவாள். அவள் கணினியின் கடவுச்சொல் என் பிறந்த தேதி. அவளுடைய அளவைக் கோப்பைப் பத்திரமாக வேறு இடத்தில் வைத்துவிட்டு, அதே பெயரில் என் போலி விண்மீன்களின் கோப்பை வைத்தேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

வந்து உட்கார்ந்தவள் அரை மணி நேரம் வரைபடத்தை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, காலைல நீ பாத்தப்ப ரெண்டு இருந்துச்சுல்ல?"

"நான் அப்பவே ஒண்ணுதான்னு சொன்னேனேம்மா."

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அதில் பொய் இல்லை.

இரண்டு வாரம் கழித்து நான் பிரிவுத் தலைவர் ஆனேன். சின்னி எனக்கு ஒரு பேனா வாங்கித் தந்தாள். இதோ, இதுதான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று ஆரம்பிப்பது? அவளோ விடுகிற ரகம் இல்லை. மறுபடி அளந்தாள். மறுபடி இரண்டு கோடு. மறுபடி மதியம் ஒரு மணி. எப்போதும் ஒரே கோடு வந்தால் அவள் நிரலில் கோளாறு தேடுவாள் என்று எனக்குத் தெரியும், கெட்டிக்காரி. சில நாள் இரண்டு, சில நாள் ஒன்று என்று வந்தபோது அவள் கோளாறைத் தன்னிடம் தேட ஆரம்பித்தாள். இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கவனித்தேன். கவனித்த பிறகு அதை மாற்றவில்லை.

ஒருமுறை இரண்டு கோட்டு வரைபடத்தை அச்செடுத்துத் தன் பையில் ஒளித்துவைத்தாள். வீட்டில் அவள் குளிக்கும்போது எடுத்துக் கிழித்துவிட்டேன். பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினாள். தேடிவிட்டு, "நான் அச்செடுத்தேனா இல்லையா, நீ பாத்தியா?" என்று என்னிடம் கேட்டாள். நான் அவள் தலையைத் துவட்டிவிட்டேன்.

தரவுக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவரை உங்களுக்குத் தெரியும், புகார் கொடுத்ததே அவர்தான். காலி அறையைக்கூடப் பூட்டிவிட்டுப் போகிறவர் என்பதால் எல்லோரும் அவரைப் பூட்டு என்போம். சின்னிக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஒருநாள் பிற்பகல் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்து திரை முன்னால் நிறுத்தினாள்.

"பூட்டு அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இதுல எத்தனை கோடு தெரியுது?"

அவர் குனிந்து பார்த்தார். "ஒண்ணுதாம்மா."

பாவம், தவறான நேரத்தில் கூப்பிட்டுவிட்டாள். அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் அவளைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்க ஆரம்பித்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னிடம் விசாரித்தார்கள். நான் பெருமூச்சு மட்டும் விட்டேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை. சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பல மாதமாகக் காணாத ஒரு தெளிவு.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன். கோட்டையே பாத்துட்டு இருந்தேன் பாரு, முட்டாள். இடத்தைப் பாத்திருக்கணும். ஒத்தைக் கோடு வர்ற கோப்புல எல்லா விண்மீனும் அதது பிக்சல் கட்டத்துக்குச் சரியா நடுவுல உக்காந்திருக்கு. ஒண்ணு விடாம. அசல் விண்மீன் அப்படி உக்காராது, இஷ்டத்துக்கு நிக்கும். யாரோ கொண்டுவந்து வச்சிருக்காங்கக்கா."

சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டாள். அவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

என் சோம்பல்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அந்தப் போலி விண்மீன்களைச் செய்தபோது, ஒவ்வொன்றையும் அதன் கட்டத்துக்குள் வெவ்வேறு இடத்தில் தள்ளி வைக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் கட்டத்தின் நடுவில் வைத்துவிட்டேன். பிழையைச் சோதிக்க அது போதும். திருட்டுக்குப் போதாது. எங்கள் துறைக்கு வெளியே இருப்பவர் யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்யவும் முடியாது, கண்டுபிடிக்கவும் முடியாது. அன்றைக்கு அவளைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று பிற்பகலே அவளுடைய மருத்துவருக்குத் தொலைபேசினேன்.

"விண்மீன்கள் எல்லாம் கட்டம் கட்டமா உக்காந்துக்கிட்டு அவளையே பாக்குதுன்னு சொல்றா டாக்டர். யாரோ கொண்டுவந்து வச்சிருக்காங்களாம்."

'அவளையே பாக்குது' என்பதை நான் சேர்த்தேன். மற்றதெல்லாம் அவள் சொன்னதுதான்.

"எத்தனை நாளா?" என்றார் மருத்துவர்.

"மார்ச்லேருந்து."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சரியாயிடும்னு பாத்தேன், டாக்டர்."

மறுநாள் கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே அலுவலகம் போனேன். அவள் கணினியில் இருந்த அறுபதாயிரம் போலி விண்மீன்களின் இடத்தையும் கட்டத்துக்குள் ஆளுக்கொரு பக்கமாகக் கலைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க, காட்டு பாப்போம்" என்றேன்.

திறந்தாள். எண்களை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டே போனாள். வெகுநேரம் உருட்டினாள். விரல் நின்றது. திரையைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"இல்லக்கா," என்றாள். திரையை அணைத்துவிட்டு, "டாக்டர்கிட்ட போலாமா? எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அவளாகத்தான் கேட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. புதன்கிழமை தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு மனநலக் காப்பகத்துக்கு வந்தாள். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. அவள் வாங்கித் தந்த பேனாவைத்தான் கொடுத்தேன். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கும் கையால் இனி எதை அளப்பது? டிசம்பரில் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் கட்டுரையை வெளியிட்டது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். வேறொரு குழு அதே கொத்தைப் புற ஊதாவில் அளக்கிறது என்று காதில் விழுந்தது. அவள் பட்ட பாடு வீணாகப் போவதா? அவளுடைய அசல் அளவுகள் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. பதினாறையும் 'சின்னி' என்று பெயரிட்ட ஒரே கோப்புறையில் சேர்த்துவைத்திருந்தேன். அவற்றைக் கொண்டு எழுதினேன். இரண்டு கோடுகள், இரண்டு தலைமுறைகள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு வெட்டியதை நானே ஒப்புக்கொண்டேன். தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டதற்காக எல்லோரும் பாராட்டினார்கள். எழுதியவர் இடத்தில் என் பெயர். நன்றி சொல்லும் இடத்தில் முதல் பெயர் அவளுடையது.

கட்டுரையின் தரவைக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பூட்டு அதைத் தன்னிடமிருந்த அன்றாடப் பிரதிகளோடு ஒப்பிட்டிருக்கிறார். நான் மறந்தது அதைத்தான். அவர் தினமும் மாலையில் எல்லோர் கணினியையும் பிரதி எடுப்பவர். அதில் கட்டத்தின் நடுவில் நான் வைத்த போலி விண்மீன்கள் அப்படியே இருந்தன. என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டப்ப ஒண்ணுன்னு சொன்னேன். என் வாயாலயே சொல்ல வச்சிட்டீங்க."

"நீங்க பொய் சொல்லலையே. திரையில ஒண்ணுதானே இருந்துச்சு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். போகும்போது கதவைச் சாத்தக்கூட இல்லை.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். இனி சொல்வது உங்கள் விசாரணைக்குத் தேவைப்படாது.

போன ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்குப் போனேன். பார்வையாளர் அறையில் பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. நான் கட்டுரையின் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவளுடையதை அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. மேசையில் விரித்தேன்.

"எத்தனை கோடு இருக்கு, சொல்லு?"

பொறுமையாகப் பார்த்தாள். "ஒண்ணுதான்க்கா."

"நல்லா பாரு, சின்னி. நடுவுல காலியா இருக்கு பாரு."

"எனக்கு ரெண்டாத்தான் தெரியுது. அதனாலதான் சொல்றேன், ஒண்ணுன்னு. ரெண்டா தெரிஞ்சா ஒண்ணுன்னு வச்சுக்கணும். நான் இப்பல்லாம் அதுல ஏமாற மாட்டேன்."

"ரெண்டுதான்டி இருக்கு. எப்பவும் ரெண்டுதான் இருந்துச்சு. நான்தான் மாத்தினேன். மதியம் நீ சாப்பிடப் போறப்ப மாத்தி வச்சேன்."

அவள் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. நடுங்கும் கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"என்னைத் தேத்தறதுக்கு நீ என்ன வேணும்னாலும் சொல்லுவக்கா. பழியைக்கூடத் தூக்கி உன் தலையில போட்டுக்குவ. எனக்குத் தெரியாதா?"

அச்செடுத்த தாளை நான்காக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். இன்னும் எத்தனை முறை சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை. இந்த அறையில் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாக்குமூலத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் நம்ப மாட்டாள். மருத்துவர் அவளிடம் நல்ல முன்னேற்றம் என்கிறார்.

எல்லாம் சொல்லிவிட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? ஒவ்வொரு பக்கத்திலுமா? சரி. கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொள்ள முடியுமா? நாளை ஞாயிறு, பத்து மணிக்குப் பார்வை நேரம். நான் போகவில்லை என்றால் அவள் தவித்துப்போவாள். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?